இருமலுக்கு இரண்டு சாட்சி

எங்கள் நிஷ் நகரத்தில் ஒருவன் இருமினால் அது அவனுடைய சொந்த விஷயம் அல்ல. பேருந்தில் இருமினால் பின்னிருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "காத்து பட்டிருக்கு" என்பார். கடையில் இருமினால் கடைக்காரி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். எதிரெதிரே ஒரு கதவும் ஒரு ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், அந்தக் குறுக்குக் காற்று ஆளைத் தூக்கிவிடும் என்பது எங்கள் ஆட்களுக்குப் பால்குடி வயதிலேயே தெரியும். போரிலும் வெள்ளத்திலும் தப்பியவர்கள் நாங்கள். குறுக்குக் காற்றிடம் மட்டும் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் மூன்று மாதமாக ஒருவருக்கும் தெரியாமல் நான் இருமிக்கொண்டிருந்தேன் என்றால், அதில் என் திறமை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் பெயர் விதோயே. ஐந்தாம் எண் பேருந்தின் ஓட்டுநர். முப்பத்தொரு வருடம் சிகரெட் பிடித்தவன். என் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளன்று மனைவி தெசாங்கா ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தாள். உள்ளே பேனாவுக்கும் புல்லாங்குழலுக்கும் பிறந்த பிள்ளைபோல் ஒரு மின்சிகரெட்.

"இனிமே இதை ஊது. எனக்கு நீ இன்னும் இருபது வருஷம் வேணும்."

"என்னத்துக்கு?"

"குப்பையக் கீழ கொண்டுபோய்ப் போட ஆள் வேணாமா?"

எங்கள் வீட்டில் காதல் வசனம் இந்த அளவுக்குத்தான் போகும். எனக்குப் புரிந்தது. அன்றே சாம்பல் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

தெசாங்கா வாங்கியது ஸ்ட்ராபெரி வாசனை. மறுநாள் பேருந்து திரும்பும் கடைசி நிறுத்தத்தில் நான் அதை எடுத்து ஒரு இழுப்பு இழுத்ததும், ஏழாம் எண் ஓட்டுநர் ஷார்கோ, இருபது வருடமாக என்னோடு நின்று புகைத்தவன், மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், என்னடா இது, எவனாவது கேக் சுடுறானா?"

"உடம்புக்கு நல்லதாம்டா."

"அப்ப தள்ளி நின்னு நல்லாயிரு. என் புகை கெட்டுப் போகுது."

முதல் வாரம் வாய் வறண்டது. இரண்டாவது வாரம் தலைவலி. அப்புறம் நாக்கில் ருசி தெரியாமல், முட்டைக்கோஸ் இலையில் கறியைப் பொதிந்து தெசாங்கா செய்த பொட்டலத்தையும் அவள் தங்கை செய்ததையும் ஒரே மாதிரி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதன் விளைவு தனிக்கதை. மூன்றாவது வாரம் இருமல் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. பழைய பேருந்தின் கதவு பாதியில் சிக்கிக்கொண்டு திறக்கப் பார்ப்பதுபோல் ஒரு வறட்டு இருமல்.

இந்த இருமலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அண்ணன் மிலோயேவுக்கு இப்படித்தான் தொடங்கியது. ஐந்து மாதத்தில் முடிந்துவிட்டது.

ஆகவே எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, குற்றவாளி அந்தக் குழல். அப்படியானால் பிழைத்தேன். இரண்டு, குற்றவாளி என் நுரையீரல். அப்படியானால் மிலோயேவின் கதி. எப்படியாவது குழல் மேல் பழி விழட்டும் என்று நான் உள்ளூர வேண்டிக்கொண்டேன். ஆனால் குழலோ தெசாங்கா கொடுத்தது. இருபது வருடம் வேண்டும் என்று சொல்லி ஒருத்தி கொடுத்த பொருளைப் பார்த்து, "இதுதான் என்னைக் கொல்லுது" என்று சாப்பாட்டு மேஜையில் எப்படிச் சொல்வது? "இது இல்லை, வேறெதுவோ" என்பது அதைவிட மோசம். ஆகவே இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன். வெளியே வந்து, "பல் தேய்ச்சேன்" என்றேன்.

சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கலாம். அங்கே டாக்டர் அறை வாசலைக் காக்கும் நர்ஸ் ரூஷா, தெசாங்காவின் பள்ளித்தோழி. நான் படியேறி முடிப்பதற்குள் தெசாங்காவுக்குத் தொலைபேசி போயிருக்கும்.

அந்த நேரத்தில்தான் பேருந்தில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "மின்சிகரெட்டுக்கு மாறியவரா? ஏதேனும் பக்கவிளைவு இருக்குமோ என்று சந்தேகமா? தயங்காதீர். சந்தேகப் பக்கவிளைவுகள் பதிவுக் கழகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது."

எனக்காக ஒரு கழகம் காத்திருக்கிறது என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. மறுநாளே கால்கிலோ காப்பித்தூள் பொட்டலம் ஒன்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அரசு அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போகிற அளவுக்கு என் அம்மா என்னை வளர்க்கவில்லை.

நான்காம் எண் கண்ணாடிச் சன்னல். பின்னால் மிலுங்கா என்ற அம்மாள். தலைக்கு மேலே "புகை பிடிக்காதீர்" பலகை, விரலிடுக்கில் சிகரெட். பலகை மஞ்சளேறிப் போயிருந்தது.

"சும்மா ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்றேன். எந்த வரிசையையும் பிளக்கும் வாசகம் இது. ஆனால் எனக்கு முன்னால் நின்ற ஒன்பது பேரும் அதையே கேட்க வந்தவர்கள் என்பதால் வரிசைப்படிதான் கேட்க முடிந்தது.

"சிகரெட்ட விட்டு மின்சிகரெட்டுக்கு மாறினேம்மா. அதுலேருந்து இருமல். யாராவது கொஞ்சம் நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்தா..."

"நெஞ்சு மூணாவது மாடி."

"அப்ப மேல போகட்டுமா?"

"மூணாவது மாடி இன்னும் கட்டல." ஒரு படிவத்தை எடுத்தாள். "மாறினேன்னு சொல்றீங்க. முன்னாடி சிகரெட் பிடிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

"முப்பத்தொரு வருஷம் பிடிச்சேன்மா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வாழ்க்கையில ஒரு சிகரெட்டத் தொடாதவன்கூட நாளைக்கு வந்து இங்க இருமிட்டுப் போவான். கழகம் ஏமாந்துறக் கூடாது பாருங்க. ரெண்டு சாட்சி கொண்டாங்க. சொந்தக்காரங்க ஆகாது. நீங்க பிடிச்சதக் கண்ணால பாத்தவங்களா இருக்கணும்."

நான் காப்பித்தூள் பொட்டலத்தை மெல்ல நகர்த்தினேன்.

"அதெல்லாம் இங்க வாங்கறதில்ல" என்று கண்டிப்பாகச் சொன்னபடி மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஒரு சிறிய காப்பிக்கடை இருந்தது.

சாட்சிகளாக ஷார்கோவையும், எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடை ருமெனாவையும் அழைத்துப் போனேன். இருவரிடமும் தெசாங்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். ஷார்கோ கோட்டு, டை எல்லாம் போட்டு வந்திருந்தான். கடைசியாக அவன் டை கட்டியது மகள் கல்யாணத்துக்கு.

"சாட்சி, இவர் சிகரெட் பிடிச்சத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? இருபது வருஷமா என் பாக்கெட்லேருந்துதான் பிடிச்சான். இவன் ஒருநாளாவது பாக்கெட்டோட வந்து நான் பாத்ததில்ல. சத்தியம்."

"டேய், பாவி" என்றேன்.

"உண்மையச் சொல்லுன்னு கூட்டிட்டு வந்தது நீதானேடா?"

மிலுங்கா எழுதிக்கொண்டாள்: மனுதாரர் ஓசிப் புகைப்பாளர். அடுத்து ருமெனா நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். "தினம் ரெண்டு பாக்கெட் என்கிட்ட வாங்கினாரும்மா. தங்கமான மனுஷன். இவர் விட்டதுலேருந்து என் வியாபாரமே படுத்துப்போச்சு."

மிலுங்காவின் பேனா நின்றது. "தினம் ரெண்டு பாக்கெட் வாங்கினாரு. ஆனா பிடிச்சது அடுத்தவன் சிகரெட். அப்ப அந்த ரெண்டு பாக்கெட்டும் யாருக்குப் போச்சு?"

கடைசி நிறுத்தம் வருவதற்குள் இரண்டையும் தீர்த்துவிடுவேன் என்று உண்மையைச் சொன்னேன். அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரும் நம்பவில்லை. ஷார்கோ என்னைப் பார்த்த பார்வையில் இருபது வருட நட்பு ஆடியது. அன்றிலிருந்து என் கோப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு வரி ஏறிவிட்டது: "இரண்டாவது நபர்மீது சந்தேகம்."

"அம்மா, நெஞ்ச எப்ப பாப்பாங்க?"

"இருங்க, இன்னும் காத்தே பாக்கல."

கழகத்தின் விதிகளில் முதலாவது அதுதான். எந்த இருமலானாலும் அதற்குக் காரணம் குறுக்குக் காற்று அல்ல என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பொறியாளர் வீட்டுக்கு வருவார். தெசாங்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையாயிருக்கும் காலை நேரத்துக்கு அவரை வரச் சொன்னேன்.

ராதோமிர் என்ற அந்தப் பொறியாளர் வந்து உட்கார்ந்து காப்பி குடித்து, மதிப்பான விருந்தாளிக்கென்று வைக்கும் செர்ரிப்பழத் தித்திப்பை ஒரு கரண்டி வாயில் போட்டு, ஒரு குவளை தண்ணீர் குடித்த பிறகு கருவியை வெளியே எடுத்தார். அது ஒரு சிகரெட். பற்ற வைத்து அறையின் நடுவில் நின்று ஊதினார். புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"ஐயா, இந்த வீட்ல சிகரெட்ட நிறுத்தி மூணு மாசமாச்சு."

"அதனாலதான் இத்தன நாளா காத்தக் கண்டுபிடிக்க முடியாமப் போச்சு" என்றார். "சிகரெட் பிடிக்கிற வீட்ல காத்து ஒளிஞ்சிக்க முடியாது."

அறைக்கு ஒன்றாக மூன்று சிகரெட். சமையலறைச் சன்னலின் கீழ்மூலையில் மயிரிழை அளவு காற்று வருவதாகக் கண்டுபிடித்து, அதைக் காகிதத்தால் அடைத்து, காகிதத்தின் மேல் முத்திரை குத்தினார். நெஞ்சைப் பற்றிக் கேட்டேன். "நான் காத்து மட்டுந்தான்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெசாங்கா வந்து வாசலிலேயே நின்றாள். மூக்கு ஒருமுறை அசைந்தது. மேஜை மேல் இரண்டு காப்பிக் கோப்பை. பழத்தித்திப்புக் கரண்டி ஒன்று. சிகரெட் துண்டு மூன்று.

"யாரு வந்தது?"

"குழாய் ரிப்பேர்காரன்."

"குழாய்க்காரனுக்குத் தித்திப்பு குடுத்தியா?"

"நல்ல குழாய்க்காரன்."

அவள் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். முப்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. தெசாங்கா சத்தம் போட்டால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கழுவினால், உள்ளே ஒரு விசாரணை ஆரம்பமாகிவிட்டது என்று பொருள்.

கடைசியில் கமிட்டியின் முன்னால் நிற்கும் நாள் வந்தது. நீண்ட அறை. குறுக்குக் காற்றுக்குப் பயந்து எல்லா ஜன்னல்களும் அடைத்திருந்தன. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்கள். புகை கொஞ்சம் விலகிய நேரங்களில் நானும் இரண்டு பேரைப் பார்த்தேன். நடுவில் தலைவர், பேராசிரியர் யெவ்ரெம். அவர் முன்னால் என் மின்சிகரெட் ஒரு பழுப்பு உறைக்குள், அரக்கு முத்திரையோடு, குற்றவாளிபோல் கிடந்தது. அதை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்ட மிலுங்கா, ஓரத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் இருமல் வந்தது. அந்தப் பக்கமிருந்தும் மூன்று இருமல் வந்தது.

"உங்களுக்கும் இருமல் இருக்குதுங்களே ஐயா" என்றேன், ஒரு பாசத்தில்.

"எங்களுடையது இருமல் இல்ல" என்றார் பேராசிரியர். "தொண்டையச் செருமறது. பதவியில இருக்கறவன் பேசறதுக்கு முன்னாடி அது தேவை." பிறகு எழுந்து நின்றார். எனக்காக எழுந்தார் என்று நினைத்து நானும் எழுந்தேன். உரைக்காக எழுந்தாராம்.

"இந்தக் கழகம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. நாலாயிரம் சந்தேகங்களப் பதிவு பண்ணியிருக்கோம். அதுல நிரூபணமான பக்கவிளைவு எத்தனை? ஒண்ணுகூட இல்ல! ஐரோப்பாவுல வேற எந்த நாடாவது இப்படி நெஞ்ச நிமித்திச் சொல்ல முடியுமா? பக்கவிளைவே இல்லாத தேசமா நம்ம தேசத்த ஆக்கியிருக்கோம். சிலர் கேக்கறாங்க, ஆளப் பரிசோதிச்சுப் பாத்தா என்னன்னு. பாக்கலாம். ஆனா நெஞ்சக் கேட்டா நெஞ்சு எதையாவது சொல்லிடும். சொன்னத எழுதணும். எழுதினா அது சந்தேகமா இருக்காது. சந்தேகம் இல்லன்னா இந்தக் கழகம் எதுக்கு?"

மற்ற இருவரும் மேஜையைத் தட்டினார்கள். சாம்பல் பறந்தது.

"ஒரு கேள்வி" என்றார் என்னைப் பார்த்து. "சிகரெட் பிடிச்ச காலத்துல, எங்ககிட்ட ஒரு தடவையாவது புகார் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"பதினோரு வருஷமா நாங்க இங்கதான் இருந்தோம். வரல. மின்சிகரெட் வந்து மூணே மாசம், வந்துட்டீங்க. எழுதிக்குங்க மிலுங்கா. சிகரெட் மேல புகார் இல்ல."

பிறகு தீர்மானத்தை வாசித்தார்கள். அப்படியே தருகிறேன். "மேற்படி சாதனத்தைக் கழகம் தன்வசம் வைத்துக்கொள்ளும். மனுதாரர் பதினான்கு நாட்களுக்குத் தமது மூலநிலைக்குத் திரும்பி, நாளொன்றுக்கு நாற்பது சிகரெட் வீதம் புகைக்க வேண்டியது. இருமல் தொடர்ந்தால் சாதனம் குற்றமற்றது. இருமல் நின்றால் சாதனம் திருப்பி அளிக்கப்படும். அதன்பின் மனுதாரர் மீண்டும் இருமக் கடமைப்பட்டவர்."

எனக்கு வாய் வறண்டுபோனது. இந்த முறை குழல் காரணமில்லை.

"ஐயா, நான் விட்டுட்டேன். என் பொண்டாட்டிக்கு வாக்கு குடுத்திருக்கேன். அதோட, நுரையீரல்ல நெசமாவே ஏதாவது இருந்து, இந்தப் பதினாலு நாள்ல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

பேராசிரியர் எழுந்து வந்து ஆதரவாக என் தோளில் கைவைத்தார். "அதப் பத்திக் கவலப்படாதீங்க. மனுதாரர் இறந்தா கோப்பு தானா மூடிக்கும். உங்களுக்கு ஒரு அலைச்சலும் இருக்காது."

வெளியே வரும்போது மிலுங்கா முதல் நாளுக்கான இரண்டு பாக்கெட்டைக் கொடுத்தாள். மேலே கழகத்தின் வட்ட முத்திரை, கீழே அவள் கையெழுத்து. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். போகிற வழியில் குப்பைத் தொட்டிகள் ஏழோ எட்டோ இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் நின்றேன். அரசு முத்திரை குத்திய பொருளைக் குப்பையில் போடும் துணிச்சல் எங்கள் தலைமுறைக்குக் கிடையாது. திறந்து ஒன்றைப் பற்றவைக்கும் ஆசையும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஷார்கோ சொல்லிவிடுவான்.

மறுநாள் காலை என் கோட்டைத் தூசி தட்ட எடுத்த தெசாங்கா, இரண்டு பாக்கெட்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"மிலுங்கா யாரு?"

"என்ன?"

"கையெழுத்துப் போட்டிருக்கா. கூச்சமில்லாம முத்திர வேற குத்தியிருக்கா. மூணு மாசமா நாளைக்கு ஒம்பது தடவ பல்லுத் தேய்க்கற. வீட்ல ஒருத்தி வந்து மூணு சிகரெட் பிடிச்சிட்டு, நான் போட்ட செர்ரித் தித்திப்பத் தின்னுட்டுப் போயிருக்கா. நான் வாயத் தொறக்கல, சரி, இவனே சொல்லட்டும்னு. எந்த ஆபீசுடா அவ?"

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் இருமல் வந்தது. குளியலறைக்கு ஓட நேரமில்லை. அவள் முன்னாலேயே வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தெசாங்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். மிலோயேவின் கடைசி மாதத்தில் அவனுக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள். அந்தச் சத்தம் அவளுக்கும் தெரியும்.

"எத்தன நாளா?"

"மூணு மாசம்." எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சி, காற்று, நாற்பது சிகரெட். "அந்தக் குழல் மேல பழி விழணும்னு வேண்டிக்கிட்டேன் தெசாங்கா. நீ ஆசையாக் குடுத்தது. எனக்கு வேற வழி தெரியல."

அவள் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தாள்.

"மடையா" என்றாள். "நான் குடுத்தது உன்னக் கொல்லுதுன்னா அதத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வேலையப் பாப்பேன். அதுக்கு ஒரு கமிட்டியா? கோட்டப் போடு."

"எங்க?"

"ரூஷாகிட்ட."

சுகாதார நிலையத்தில் ரூஷா கதவைத் திறந்து எங்களை உள்ளே தள்ளினாள். வாசலில் காத்திருந்தவர்கள் போட்ட கூச்சலை அவள் தனியாக நின்று சமாளித்தாள். உள்ளே இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. கண்ணில் தூக்கம், மேஜையில் கடித்து வைத்த பன். சட்டையைத் தூக்கச் சொன்னார். குழாயை முதுகில் வைத்தார். "மூச்ச இழுங்க. விடுங்க. இன்னொரு தடவ." மொத்தம் நாற்பது விநாடி இருக்கும். மூன்று மாதமாக நான் தேடி அலைந்த நாற்பது விநாடி. பிறகு கீழே போய் எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார்.

படம் வரும்வரை நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். தெசாங்கா என் கோட்டின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். அது அறுந்து கையோடு வந்தது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல கெட்டது ஒண்ணும் தெரியல."

தெசாங்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தக் குழல்தானா டாக்டர்?" என்றேன்.

"இருக்கலாம். அந்த ஆவி வாயையும் தொண்டையையும் காய வைக்கும். தலவலி, வறட்டு இருமல்னு நெறைய பேர் வராங்க. இல்ல, முப்பத்தொரு வருஷ அழுக்க நெஞ்சு இப்பத்தான் கூட்டிப் பெருக்குதோ என்னவோ. சிகரெட்டுக்குத் திரும்பப் போகாதீங்க, அது மட்டும் உறுதி. ஆனா இதையே இருபது வருஷம் ஊதினா என்ன ஆகும்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாரும் இன்னும் அத்தன வருஷம் ஊதிப் பாக்கல. ரெண்டையும் விட்டுப் பாருங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம்."

தெரியாது என்று ஒரு படித்தவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது. தெசாங்கா பக்கத்தில் இருந்ததால் கைகுலுக்குவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகக் கழகத்துக்குப் போனோம். தெசாங்கா வரிசையைப் பார்க்கவே இல்லை. பிரிக்காத இரண்டு பாக்கெட்டையும் நான்காம் எண் சன்னலுக்குள் தள்ளினாள்.

"இவரு மனுவத் திருப்பி வாங்கிக்கறாரு. டாக்டரம்மா நெஞ்சுல குழாய் வெச்சே பாத்தாச்சு."

மிலுங்கா கோப்பைப் புரட்டினாள். என்னைப் பார்த்தாள், தெசாங்காவைப் பார்த்தாள். "நீங்கதான் அந்த இரண்டாவது நபரா?"

"நான் மொதல் நபர்" என்றாள் தெசாங்கா.

"மனு குடுக்கத்தாம்மா படிவம் இருக்கு. திருப்பி வாங்கப் படிவம் இல்ல. பதிவான இருமல் கழகத்தோட இருமல். கோப்பு தெறந்திருக்கற வரைக்கும் இவரு குணமாகக் கூடாது. ஆனா..." என்று தொடங்கியவளுக்குப் பேச்சு நின்றது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு முறை அல்ல, நாலைந்து முறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியின் ஓட்டைக்கு அருகே குனிந்து, தணிந்த குரலில் தெசாங்காவிடம் கேட்டாள்.

"நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்தாங்கன்னீங்களே, அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"

தெசாங்கா ஒரு வினாடி அவளையே பார்த்தாள். படிவம் ஒன்றை எடுத்துத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் சுகாதார நிலையம் என்றும், கீழே ரூஷாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். "நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. வரிசையில நிக்காதீங்க."

வெளியே வெயில் அடித்தது. நிஷாவா ஆற்றுப் பாலத்தின் நடுவில் எனக்கு மறுபடி இருமல் வந்தது. பழக்கத்தில் கை வாயை மூடப் போனது. பிறகு எதற்கு என்று தோன்றியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்க, மூன்று மாத இருமலையும் சேர்த்து வாய்விட்டு இருமினேன்.

தெசாங்கா என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம்."

"சரி, நட" என்றாள். கையை எடுக்காமலே பாலத்தைக் கடந்தாள்.